யார் இந்த பீட்டர் தங்கராஜ்? கோல் அடிக்க வந்தவர் கோல் காத்த கதை!

திருப்பூரிலிருந்து மேட்டுப்பாளையம் போய் மலை ஏறினால், குன்னூர் பக்கத்தில் வெலிங்டன். அங்கிருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில்தான் பீட்டர் தங்கராஜின் ஆட்டமே மாறியது.

1935-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். ஆரம்பத்தில் ஆடியது சென்டர் ஃபார்வர்டாக. ராணுவத்துக்கு வந்தபின் கோல்கீப்பர் ஆனார். ஆறடியைத் தாண்டிய உயரம், எந்த கோச்தான் விடுவார்? 1955, 1958 என ரெண்டு முறை ரெஜிமென்ட் அணி டூரண்ட் கோப்பையை வென்றது. 1956 மெல்போர்ன், 1960 ரோம் என இரண்டு ஒலிம்பிக்கிலும் இந்திய அணியில் இருந்தார். மெல்போர்னில் இந்தியாவுக்கு 4-ம் இடம்.

ஆனா பெரிய சோதனை 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில்தான். இஸ்ரேல், தைவான் வீரர்களை இந்தோனேசியா அனுமதிக்கவில்லை. இந்திய நிர்வாகி ஜி.டி.சோந்தி அதை எதிர்த்தார். அந்தக் கோபம் மொத்தமும் மைதானத்தில் இந்திய வீரர்கள் மேல் திரும்பியது. தங்கராஜுக்கோ ஃப்ளூ காய்ச்சல். அரையிறுதியில் பிரத்யுத் பர்மன்தான் கோல் காத்தார். தென்கொரியாவுடன் ஃபைனல், அதே போட்டித் தொடரில் இந்தியாவை ஏற்கெனவே 2-0 என வீழ்த்திய அணி அது. தங்கராஜ் திரும்ப வந்து நின்றார். பி.கே.பானர்ஜியும் தலையில் காயத்தோடு ஆடிய ஜர்னைல் சிங்கும் கோல் போட, இந்தியா 2-1 என ஜெயித்தது. ஆசிய விளையாட்டு கால்பந்தில் இந்தியாவுக்கு அதுதான் கடைசி தங்கம்.

கொல்கத்தாவில் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என மூணு பரம எதிரி கிளப்புகளுக்கும் ஆடினார். அந்த ஊர் ரசிகர்களைத் தெரிந்தவர்களுக்கு, இது எவ்வளவு பெரிய விஷயம்னு புரியும். 1967-ல் அர்ஜுனா விருது. ஆட்டத்தை விட்டபின் பயிற்சியாளர் ஆனார். 2008 நவம்பரில் பொகாரோவில் காலமானார்.