ஒரு சொல்லுக்காக நாட்டைத் துறந்த நடிகர்

1933 இல் ஜேர்மனியின் ஆட்சியைக் கைப்பற்றிய நாஜிகள், திரைப்படத் துறையினர் அனைவரும் தமது இனத்தைக் குறிப்பிட வேண்டுமெனப் படிவமொன்றை வழங்கினர். பிரபல நடிகர் கொன்ராட் ஃபைட் அதில் யூதர் என்று எழுதிக் கொடுத்தார். உண்மையில் அவர் யூதர் அல்லர்; புரட்டஸ்தாந்து கிறிஸ்தவர். அவ்வாண்டு அவர் மணந்துகொண்ட லில்லி பிரேகரே யூதப் பெண்மணி. மனைவிக்கு இல்லாத பாதுகாப்பு தனக்கும் வேண்டாமென்பதே அந்த ஒரு சொல்லின் பொருள்.

1893 இல் பேர்லினில் பிறந்த ஃபைட், மாக்ஸ் ரைன்ஹார்ட்டின் நாடக அரங்கில் பயின்றவர். 1920 இல் வெளியான 'டொக்டர் கலிகாரி' என்ற மௌனப் படத்தில், தூக்கத்தில் நடந்து கொலை செய்பவனாக நடித்து உலகப் புகழ் பெற்றார். மௌனப் படத்தில் நடிகனுக்குக் குரல் இல்லை. நெடிய உடல், ஒட்டிய கன்னம், ஊடுருவும் கண்கள் ஆகியவற்றாலேயே அவர் பேசினார். 1928 இல் ஹொலிவூட்டில் நடித்த 'சிரிக்கும் மனிதன்' படத்தில், மாறாத சிரிப்பு வெட்டப்பட்ட அவரது முகமே பின்னாளில் பேட்மேன் கதைகளின் ஜோக்கருக்கு முன்மாதிரியானது.

பேசும் படம் வந்ததும் ஆங்கில உச்சரிப்பு தடையாக நின்றது. 1929 இல் தாயகம் திரும்பி, தாய்மொழிப் பேசும் படங்களில் மீண்டும் உயர்ந்தார். அந்த உச்சத்தில் இருந்தபோதுதான் அப்படிவம் வந்தது.

தாயகத்தோடு தாய்மொழியையும் விட்டுவிட்டு அவர் பிரித்தானியா சென்றார். எந்த ஆங்கிலம் தடையாக இருந்ததோ, அதிலேயே பிழைக்க வேண்டியதாயிற்று. 1934 இல், யூத வெறுப்பைக் கண்டிக்கும் 'யூதர் சூஸ்' படத்தில் நடித்தார். 1940 இல் நாஜிகள் அதே பெயரில் யூத வெறுப்பைப் பரப்பும் படமொன்றை எடுத்தனர். அதே ஆண்டு வெளியான 'பக்தாத் திருடன்' படத்தில் கொடிய வஸீர் ஜாஃபராகத் தோன்றினார். தன் வருமானத்தில் ஒரு பகுதியைப் பிரித்தானியாவின் யுத்த நிவாரணத்துக்கும் வழங்கினார்.

1924 இல் 'மெழுகுச் சிலைகள்' என்ற மௌனப் படத்தில் கலீஃபா ஹாரூன் அல் ரஷீதாக நடித்த எமில் ஜன்னிங்ஸ், அதில் ரஷ்ய மன்னன் இவானாக நடித்த ஃபைட்டின் சமகாலத்தவர். சிறந்த நடிகருக்கான முதலாவது ஒஸ்கார் விருதைப் பெற்றவரும் அவரே. ஜன்னிங்ஸ் ஜேர்மனியிலேயே தங்கி, நாஜிகளின் பிரசாரப் படங்களில் நடித்தார். யுத்தம் முடிந்ததும் அவரது திரை வாழ்வும் முடிந்தது.

ஃபைட்டோ, தான் வெறுத்த நாஜிகளையே திரையில் நடித்துக் காட்டினார். 1942 இல் வெளியான 'காசாபிளாங்கா' படத்தின் மேஜர் ஸ்ட்ராசர் அவரே. நாஜிகளிடமிருந்து தப்பி வந்த பல கலைஞர்கள் அப்படத்தில் அவருடன் நடித்தனர். 1943 ஏப்ரல் 3 இல், 50 ஆவது வயதில், மாரடைப்பால் லொஸ் ஏஞ்சல்ஸில் காலமானார். ஹிட்லரின் வீழ்ச்சியைக் காண அவருக்கு ஆயுள் இருக்கவில்லை.

அநீதி அடுத்தவர் வாசலில் நிற்கும்போது, தான் அந்தப் பட்டியலில் இல்லையென ஒதுங்குவது எவருக்கும் எளிது. ஃபைட் தானாகவே அப்பட்டியலில் தன் பெயரைச் சேர்த்துக்கொண்டார். அவர் ஏற்ற வில்லன் வேடங்களை மறந்தாலும், நாம் மறக்கக்கூடாதது அதுவே.