பதவியைத் துறந்த நீதியரசர்

நாகூர் ஈன்ற நன்மக்களுள் ஒருவரான நீதியரசர் மு. மு. இஸ்மாயில் அவர்களைக் கம்பன் விழா மேடைகளின் வாயிலாக அறிந்தோர் பலர். ஆட்சியியல் பயிலும் மாணாக்கர் அவரை அறிய வேண்டியதற்குப் பிறிதொரு காரணம் உண்டு. அதனையே ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

1921 பிப்ரவரி 8 அன்று பிறந்த அப்பெருந்தகை, வழக்கறிஞராகப் புகழ்பெற்று, 1967-இல் தில்லி உயர்நீதிமன்ற நீதிபதியானார். அவ்வாண்டிலேயே சென்னை உயர்நீதிமன்றத்திற்கு வந்தமர்ந்தார். நெருக்கடிநிலைக் காலத்தில், 1976 பிப்ரவரியில், சென்னை மத்தியச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த அரசியல் கைதிகள் கொடுமைக்கு ஆளாயினர். அதனை ஆராய 1977-இல் அமைக்கப்பட்ட ஒருநபர் ஆணையத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது. தாக்கப்பட்டோர் கைதிகள், தாக்கியோர் அரசின் ஊழியர். கைதிகள் தாக்கப்பட்டது உண்மையே என அவர் அறிக்கை உரைத்தது.

1979 நவம்பரில் தலைமை நீதிபதியானார். 1980 அக்டோபர் இறுதியில் ஆளுநர் பிரபுதாஸ் பட்வாரி நடுவணரசால் நீக்கப்பட, புதியவர் வரும்வரை சில நாள்கள் ஆளுநர் பொறுப்பும் அவர் தோளில் ஏறிற்று. ஆட்சித் துறையின் இருக்கையில் நீதித்துறையின் தலைவரை அமர்த்திய அதே நடுவணரசின் பரிந்துரைப்படி, மூன்று திங்களுக்குள், 1981 ஜனவரியில், அவரைக் கேரள உயர்நீதிமன்றத்திற்கு மாற்றும் ஆணை பிறந்தது. பாட்னாவின் தலைமை நீதிபதி கே. பி. என். சிங், சென்னைக்கு மாற்றப்பட்டார்.

ஓர் இடமாற்றத்தில் என்ன இருக்கிறது என மாணாக்கர் வினவலாம். நெய்வேலியில் வாழும் நமக்கு விளக்கம் கூறுதல் எளிது. நம் சுரங்கங்களில் பழுப்பு நிலக்கரிப் படிவின் கீழே அழுத்தத்தோடு நீர் தேங்கியுள்ளது. ஆழ்குழாய்க் கிணறுகள் வழியே அதனை இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைத் தணிக்காவிடில், சுரங்கத்தின் தளமே பிளந்துவிடும். தணிப்பாரற்ற அதிகாரமும் அத்தகையதே. 1787-இல் வரையப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பு இதனைக் கருதியே சட்டமியற்றல், ஆளுதல், நீதி வழங்கல் என அதிகாரத்தை மூன்றாகப் பகுத்து, ஒன்றை மற்றொன்று தடுக்குமாறு அமைத்தது. ஆங்குக் கூட்டரசு நீதிபதியைக் குடியரசுத் தலைவர் முன்மொழிய, செனட் இசைவளிக்கும். அமர்ந்தபின், நன்னடத்தை உள்ளவரை அவரை நீக்கவோ, ஊதியத்தைக் குறைக்கவோ இயலாது.

நம் அரசியலமைப்பின் 50-ஆம் உறுப்பு, நீதித்துறையை ஆட்சித்துறையினின்று பிரிக்க வேண்டும் என்கிறது. 222-ஆம் உறுப்போ, இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்து, உயர்நீதிமன்ற நீதிபதியை மாற்றலாம் என்கிறது. நெருக்கடிநிலையின்போது, 1976-இல், நீதிபதிகள் பதினாறு பேர் அவ்வாறு மாற்றப்பட்டனர். ஆகவே, பின்னர் எழுந்த எந்த மாற்ற ஆணையையும் நாடு ஐயத்தோடு நோக்கியதில் வியப்பில்லை.

வழக்கறிஞர்கள் உச்சநீதிமன்றம் சென்றனர். இஸ்மாயில் அவர்களோ தம் பொருட்டு எவரும் வழக்காட வேண்டா எனத் தெரிவித்து, 1981 ஜூலையில் பதவியைத் துறந்தார். ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை ஆண்டு இருந்தது. எதிர்த்து நின்றிருக்கலாம் என்போர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். அவர் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும், பிறர் வழக்கைத் தீர்ப்பவர் தம் இருக்கைக்காகத் தாமே வழக்காளியாய் நிற்பதில் உள்ள கூச்சத்தை நாம் மதிக்கின்றோம். எதிர்த்து வழக்காடிய சிங் அவர்களின் மாற்றத்தை, 1981 டிசம்பர் 30 அன்று உச்சநீதிமன்றம் பெரும்பான்மையால் ஏற்றது. நியமனத்தில் இறுதிச் சொல் ஆட்சித்துறைக்கே என்றும் அத்தீர்ப்பு கூறிற்று.

பதவி நீங்கியவர் முழுமையாகக் கம்பனிடம் திரும்பினார். சென்னைக் கம்பன் கழகத்தைத் தலைவராய் நின்று வளர்த்தார். வாலி வதம் பற்றி அவர் இயற்றிய 'மூன்று வினாக்கள்' என்னும் நூலில் நீதிபதியின் கண்ணையே காண்கிறோம்: ஆள்வோனையும் கூண்டில் நிறுத்தி, இருதரப்பையும் கேட்டு, வரிக்கு வரி சான்று தேடும் கண் அது.

1993-இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு பழைய தீர்ப்பை மாற்றி, நியமனத்திலும் இடமாற்றத்திலும் இந்தியத் தலைமை நீதிபதியின் கருத்துக்கே முதன்மை அளித்தது. அதனைக் கண்டபின்னரே, 2005 ஜனவரியில் நீதியரசர் மறைந்தார்.