39 இலக்கம், ஒரு பூஜ்ஜியம்

டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் லேப்ல டவர் ஆஃப் ஹனோய் புரோகிராம் எழுதியிருப்பீங்க. அந்த விளையாட்டை 1883-ல் உருவாக்கி வெளியிட்டவர் எட்வார்ட் லூக்காஸ் என்ற பிரெஞ்சுக் கணித ஆசிரியர். ஆனா அவர் செய்த பெரிய வேலை அது இல்லை. இந்த எண்ணைப் பாருங்க:

170141183460469231731687303715884105727

மொத்தம் 39 இலக்கம். அதாவது 2¹²⁷ − 1. 128 பிட் சைன்டு இன்டிஜரில் அடங்கும் மிகப்பெரிய எண் இதுதான். இது பகா எண் என்று மெர்சென் என்ற பாதிரியார் 1644-லேயே சொல்லிவிட்டார். நிரூபணம் மட்டும் தரவில்லை. 2⁶⁷ − 1 கூடப் பகா எண்தான் என்று அதே பட்டியலில் சேர்த்திருந்தார்.

எப்படிச் சோதிப்பீங்க? ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்க்கலாம். நொடிக்கு நூறு கோடி வகுத்தல் செய்யும் கணினி இருந்தாலும், வர்க்கமூலம் வரை போய்ச்சேர 400 வருஷத்துக்கு மேல ஆகும். லூக்காஸிடம் இருந்ததோ பேனாவும் காகிதமும்தான்.

1842-ல் அமியான் நகரில் பிறந்தவர். பாரிஸ் வானியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தார். 1870-ல் பிரஷ்யாவுடன் போர் வந்தபோது பீரங்கிப் படை அதிகாரியானார். போர் முடிந்ததும் பள்ளியில் கணிதம் கற்பிக்கப் போனார். 1876-ல், வகுக்காமலே விடை சொல்லும் வழியைக் கண்டுபிடித்தார். பின்னாளில் லெமர் அதை எளிமையாக்கினார். அந்த வடிவம் இதுதான்: 4-ல் தொடங்குங்க. வர்க்கம் எடுத்து 2-ஐக் கழிங்க. சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வெச்சுக்கிட்டு, திரும்பச் செய்யுங்க. 2⁵ − 1, அதாவது 31-க்கு 4, 14, 8, 0 என்று வரும். மூன்றே படி. கடைசியில் பூஜ்ஜியம் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை.

லூக்காஸ் கையாலேயே கணக்குப் போட்டு 2¹²⁷ − 1 பகா எண் என்று காட்டினார். மெர்சென் சொன்னது சரி. ஆனா 2⁶⁷ − 1 பகு எண் என்று தெரிந்தது. அதன் காரணி எது? லூக்காஸாலும் சொல்ல முடியவில்லை. காரணியே தெரியாமல், காரணி இருக்கிறது என்று மட்டும் உறுதியாகச் சொன்னார்.

1891-ல் ஒரு மாநாட்டு விருந்தில் பரிமாறியவர் கையிலிருந்து தட்டு நழுவி உடைந்தது. சில்லு ஒன்று லூக்காஸின் கன்னத்தைக் கிழித்தது. காயத்தில் தொற்று ஏறி, சில நாளில் இறந்துபோனார். வயது 49. 2⁶⁷ − 1 என்பது 193707721 × 761838257287 என்று அமெரிக்கரான கோல் காட்டியது 1903-ல். அதைப் பார்க்க அவர் இல்லை. 2¹²⁷ − 1-ஐ விடப் பெரிய பகா எண் கிடைக்க 1951 வரை ஆனது.

இன்னைக்கு லேப்ல ஐந்து நிமிஷம் கிடைச்சா, பைதான்ல ஒரு லூப் போட்டு 2¹²⁷ − 1-க்கு 125 தடவை ஓட்டிப் பாருங்க. என்டர் தட்டிக் கையை எடுக்கிறதுக்குள்ள 0 வந்து நிற்கும். அப்படியே 2⁶⁷ − 1-க்கு 65 தடவை ஓட்டுங்க. பூஜ்ஜியம் வராது. அவர் பேனாவால் போட்ட கணக்கு அதுதான்.