டாக்டர் சீட்டு இல்லாம மருந்து ஏன் தர மாட்டாங்க? சட்டத்துக்கு அடித்தளம் போட்ட ராம்நாத் சோப்ரா

தூக்க மாத்திரையோ ட்ரமடால் மாதிரியான வலி மாத்திரையோ கேட்டா, மெடிக்கல் ஷாப்ல முதல்ல டாக்டர் சீட்டு எங்கன்னு கேட்பாங்க. ஆந்திர எல்லையில் இருக்கும் ராமகுப்பமானாலும், தமிழ்நாட்டுப் பக்கம் வாணியம்பாடியானாலும் இதே கேள்விதான். காரணம், இது மத்தியச் சட்டம். அதற்கு அடித்தளம் போட்டவர் கர்னல் சர் ராம்நாத் சோப்ரா.

யார் இவர்?

1882-ல், இன்று பாகிஸ்தானில் உள்ள குஜ்ரன்வாலாவில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு, 1908-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். 1921-ல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் மருந்தியல் பேராசிரியர் ஆனார். மூலிகைகளோடு, மக்களிடம் இருந்த அபின் பழக்கத்தையும் ஆராய்ந்தார். அதனால் ஒரே பொருள் எப்போது மருந்து, எப்போது போதை என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

1930-ல் என்ன நடந்தது?

அப்போது சந்தையில் போலி மருந்தும் கலப்பட மருந்தும் தாராளமாகப் புழங்கின. மருந்தின் தரத்தைச் சோதிக்க நாடு முழுமைக்கும் பொதுவான சட்டம் இல்லை. மருந்து கொடுப்பவருக்குப் படிப்பு வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அரசு ஒரு விசாரணைக் குழு அமைத்து, சோப்ராவைத் தலைவராக்கியது. 1931-ல் அறிக்கை வந்தது. மருந்தைக் கட்டுப்படுத்தினால் மட்டும் போதாது, அதை எடுத்துக் கொடுக்கும் ஆளும் பயிற்சி பெற்றுப் பதிவு செய்தவராக இருக்கணும் என்பதுதான் அதன் சாரம்.

ஆனா சட்டம் உடனே வரலை. மருந்துகள் சட்டம் 1940-ல்தான் வந்தது. மருந்தாளுநர்களுக்கான பார்மசி சட்டம் வர 1948 ஆகிவிட்டது.

இன்று கவுன்டரில் என்ன விதி?

அல்ப்ரஸோலம், ட்ரமடால் போன்றவை எச்1 பட்டியலில் உள்ளன. டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதணும். அதை 3 வருஷம் வைத்திருக்கணும். கீட்டமின் போன்ற எக்ஸ் பட்டியல் மருந்துக்குச் சீட்டு இரண்டு பிரதி தேவை. ஒன்றைக் கடைக்காரர் 2 வருஷம் பாதுகாக்கணும். மருந்தைப் பூட்டி வைக்கணும். டாக்டர் குறிப்பிட்டு எழுதாவிட்டால், ஒரே சீட்டுக்கு மறுமுறை மருந்து தரக் கூடாது.

சோப்ரா 1973-ல் காலமானார். அவர் குழு கேட்ட பதிவு பெற்ற மருந்தாளுநர் கடையில் இல்லாமல், சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்கினால் இந்த விதிகளுக்கு அர்த்தமே இல்லை. அதனால அடுத்த முறை சீட்டு கேட்டா கோபப்படாதீங்க. கேட்காம மாத்திரையை எடுத்து நீட்டினாத்தான் யோசிக்கணும்.