படிப்பதற்குக் கிடைத்த எட்டு மாதங்கள்: அம்பேத்கரும் மசோதாவின் பிரதியும்

1948 பிப்ரவரி 21 அன்று வரைவுக் குழுத் தலைவர் அண்ணல் அம்பேத்கர், அரசமைப்புச் சட்ட வரைவை அரசமைப்பு நிர்ணய சபையின் தலைவர் இராஜேந்திர பிரசாத்திடம் அளித்தார். சபை அதை விவாதத்திற்கு எடுத்துக்கொண்டது நவம்பர் 4 அன்றுதான். இடைப்பட்ட எட்டு மாதங்கள் அவ்வரைவு அச்சு வடிவில் உறுப்பினர்கள் கையிலும் மக்கள் கையிலும் இருந்தது. அம்பேத்கரின் வாழ்வைப் பேசுகையில் இந்த எட்டு மாதங்களை நாம் எளிதில் கடந்துவிடுகிறோம்.

1891-இல் மோவ் நகரில் பிறந்து, கொலம்பியாவிலும் லண்டனிலும் பயின்று திரும்பிய அவர், 1927-இல் பம்பாய் சட்டமன்றக் கவுன்சிலுக்கு நியமன உறுப்பினராகச் சென்றார். மகர்களைப் பரம்பரை ஊழியத்தில் பிணைத்திருந்த வதன் முறையைத் திருத்த 1928-இல் மசோதா கொண்டுவந்தார். கோத்தி நிலவுடைமை முறையை ஒழிக்க 1937-இல் மற்றொன்றைக் கொண்டுவந்தார். இரண்டுமே சட்டமாகவில்லை. எண்ணிக்கை பலமற்ற மக்களின் பிரதிநிதிக்கு அவையில் எஞ்சியிருப்பது பிரிவு பிரிவாகப் படித்து வாதாடும் வலிமை ஒன்றே என்பதை அவர் அனுபவத்தில் அறிந்திருந்தார்.

1946-இல் வங்காளத்திலிருந்து நிர்ணய சபைக்குத் தேர்வானார். பிரிவினையால் அவ்விடம் பறிபோக, 1947-இல் பம்பாயிலிருந்து மீண்டும் தேர்வானார். அவ்வாண்டு ஆகஸ்டு 29-இல் ஏழு பேர் கொண்ட வரைவுக் குழு அமைக்கப்பட்டது. அதன் சுமை பெரும்பாலும் அம்பேத்கர் ஒருவரின் தோள்மீதே விழுந்தது என்பதைக் குழுவில் இருந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரி பின்னர் சபையிலேயே ஒப்புக்கொண்டார்.

பி.என்.ராவ் தயாரித்த 243 உறுப்புகள் கொண்ட முதல் வரைவு, குழுவின் கையில் 315 உறுப்புகளாக விரிந்தது. சபையின் முந்தைய முடிவுகளிலிருந்து குழு விலகிய முக்கிய இடங்களை அம்பேத்கர் தம் முகப்புக் கடிதத்திலேயே எடுத்துச் சொன்னார். மாற்றங்களைப் படிப்பவரே தேடிக் கண்டுபிடிக்கட்டும் என விட்டுவிடவில்லை. வரைவின் மீது கருத்துகள் வந்து சேர்ந்தன. உறுப்பினர்கள் 7,635 திருத்தங்களுக்கு அறிவிப்புக் கொடுத்தனர். 2,473 திருத்தங்கள் சபையில் முன்மொழியப்பட்டன. வாசகத்தைப் பொறுமையாகப் படிக்க வாய்ப்பில்லாத ஓர் அவையில் இது நிகழ்ந்திருக்காது.

குறையே இல்லையென்று சொல்வதற்கில்லை. 1949-இல் குழு தன் புதிய திருத்தங்களைத் தாமதமாகத் தருகிறது என்று உறுப்பினர்கள் முறையிட்டனர். நசிருதீன் அகமது குழுவைக் கேலியே செய்தார். ஆனால் 1949 நவம்பர் 25 அன்று நிகழ்த்திய நிறைவுரையில் காமத், கே.டி.ஷா, குன்ஸ்ரு முதலிய மாற்றுக் குரலினருக்கு அம்பேத்கர் பெயர் சொல்லி நன்றி கூறினார். அவர்கள் எழுப்பிய கேள்விகளே சட்டத்தின் கொள்கைகளை விளக்கத் தமக்கு வாய்ப்பளித்தன என்பது அவர் கருத்து.

இந்து சட்டத் தொகுப்பு மசோதாவில் நேர்ந்தது வேறு. அதன் வாசகம் ஆண்டுக்கணக்கில் அனைவர் கையிலும் இருந்தது. எனினும் காலங்கடத்தியே அதை முடக்கினர். 1951 செப்டம்பரில் நான்கு பிரிவுகளோடு அது கைவிடப்பட, அவர் அமைச்சர் பதவியைத் துறந்தார். படிக்க அவகாசம் தருவதும் முடிவைத் தள்ளிப்போடுவதும் ஒன்றல்ல என்பதற்கு அந்த மசோதாவே சான்று.

1956 டிசம்பர் 6-இல் அவர் மறைந்தார். மசோதாவின் பிரதி இரண்டு நாள்களுக்கு முன் கிடைக்காவிட்டால் உறுப்பினர் ஆட்சேபிக்கலாம் என்று மக்களவை விதி 74 இன்றும் சொல்கிறது. சபாநாயகர் அதைத் தளர்த்தவும் அதே விதி இடமளிக்கிறது. 2019 ஜனவரி 8 அன்று, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10 சதவீத இடஒதுக்கீடு தரும் அரசமைப்புத் திருத்த மசோதா மக்களவையில் அறிமுகமாகி அன்றே நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவையும் நிறைவேற்றியது. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பு ஏழைகளை அந்த ஒதுக்கீட்டிலிருந்து விலக்கிய திருத்தம் அது. அந்த விலக்கு சரியா என்பதை உச்ச நீதிமன்றம் 2022 வரை விசாரித்தது. ஐவரில் இருவர் மாறுபட்டனர். அவைக்குக் கிடைத்ததோ ஒரே நாள்.

பெரும்பான்மை உள்ளவர்கள் படிக்காமலேயே வாக்களித்து வென்றுவிட முடியும். நம் பிரதிநிதிகளுக்கு அந்த வசதி இல்லை. எனவே ஒவ்வொரு மசோதாவின் போதும் நம் உறுப்பினரிடம் மாணவர்களும் இயக்கங்களும் முதலில் கேட்க வேண்டியது: பிரதி உங்கள் கைக்கு எப்போது வந்தது?