நாலாவது சூளை – புக்கர் டி. வாஷிங்டன்

– மூன்றாமாண்டு, சிவில் பிரிவு



மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை வரலாறு வேண்டும் என்று மலர்க்குழுவில் கேட்டார்கள். காமராஜர், விஸ்வேஸ்வரய்யா, கலாம் ஆகியோரைப் பற்றி வருடா வருடம் யாராவது ஒருவர் நன்றாகவே எழுதி விடுகிறார்கள். நானோ சிவில்காரன். எனக்குத் தெரிந்தது செங்கல், மணல், சிமெண்ட். அதனால் செங்கல் சுட்டே ஒரு கல்லூரியைக் கட்டி, அந்தக் கல்லூரியால் ஒரு சின்ன ஊரையே வளர்த்த மனிதரை எழுதலாம் என்று தீர்மானித்தேன். அவர்தான் புக்கர் டி. வாஷிங்டன். ஊர், அமெரிக்காவின் தென்பகுதியில் அலபாமா மாநிலத்திலுள்ள டஸ்கிகி.

நமக்குச் சம்பந்தமில்லாத ஆள் என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் தமிழ்ப் பக்கங்களும் இருந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த இதழில் 1903ஆம் ஆண்டிலேயே இவரைப் பற்றிக் காந்தியடிகள் வியந்து எழுதியிருக்கிறார்.

விலை 400 டாலர்

வாஷிங்டன் 1856ல் வர்ஜீனியாவில் ஒரு புகையிலைப் பண்ணையில் அடிமைக் குழந்தையாகப் பிறந்தார். தாய் ஜேன் அந்தப் பண்ணையின் சமையல்காரி. தந்தை யாரோ ஒரு வெள்ளைக்காரர். அவர் யார் என்பது மகனுக்குக் கடைசி வரை தெரியாது. குடிசைக்கு மண் தரை; தூங்குவது கந்தல் துணி மேல். 1861ல் பண்ணை முதலாளி இறந்தபோது சொத்துக் கணக்கு எடுத்தார்கள். மாடு, கலப்பை, கட்டில் என்று வரிசையாக எழுதிய அந்தப் பட்டியலில் சிறுவன் புக்கரும் இருந்தான். அவனுக்குப் போட்ட மதிப்பு 400 டாலர். ஒரு மனிதனை ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏற்றி வைத்த காலம் அது!

1865ல் உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை வந்தது. குடும்பம் மேற்கு வர்ஜீனியாவிலுள்ள மால்டனுக்குப் போனது. அங்கே வளர்ப்புத் தந்தைக்கு உப்பு காய்ச்சும் இடத்தில் வேலை. பையனையும் அதிலேயே சேர்த்து விட்டார்கள். வளர்ப்புத் தந்தை அடைக்கும் உப்புப் பீப்பாய்களில் 18 என்ற எண்ணைப் போடுவார்கள். புக்கர் படிக்கக் கற்றுக்கொண்ட முதல் எழுத்து அந்தப் பதினெட்டுதான். அப்புறம் நிலக்கரிச் சுரங்கம். அந்த இருட்டில்தான் இரண்டு தொழிலாளர்கள் ஹாம்ப்டன் என்ற பள்ளியைப் பற்றிப் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. கறுப்பின மாணவர்கள் வேலை செய்து கொண்டே படிக்கலாமாம்!

1872ல், பதினாறு வயதில், கிளம்பி விட்டார். சுமார் 500 மைல் தூரம். ரிச்மண்ட் நகரத்தில் கைக்காசு தீர்ந்தது. இரவில் பலகை போட்ட நடைபாதைக்கு அடியில் தூக்கம், பகலில் கப்பலிலிருந்து இரும்பு இறக்கும் வேலை. ஹாம்ப்டன் போய்ச் சேர்ந்தபோது பையில் இருந்தது 50 செண்ட். அழுக்குத் துணியோடு வந்த பையனைச் சேர்ப்பதா வேண்டாமா என்று தலைமை ஆசிரியை யோசித்தார். கடைசியில் ஒரு வகுப்பறையைக் காட்டிப் பெருக்கச் சொன்னார். புக்கர் மூன்று தடவை பெருக்கினார், நாலு தடவை தூசி துடைத்தார். அம்மையார் கைக்குட்டையால் மேஜையைத் தேய்த்துப் பார்த்தார். ஒரு பொட்டுத் தூசி ஒட்டவில்லை. அட்மிஷன் கிடைத்தது. நுழைவுத் தேர்வு என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்! அங்கேயே துப்புரவுப் பணி செய்து படித்து 1875ல் தேறினார்.

கோழிக்கூட்டில் கல்லூரி

இனிதான் நம்ம கதை. 1880 வாக்கில் டஸ்கிகி என்பது சுமார் 2000 பேர் உள்ள ஊர். ஏறக்குறையப் பாதிப்பேர் கறுப்பின மக்கள். பருத்தி விளையும் பூமி. மெயின் ரயில் பாதை ஐந்து மைல் தள்ளிப் போயிற்று. அங்கே லூயிஸ் ஆடம்ஸ் என்று ஒருவர் இருந்தார். முன்னாள் அடிமை, தகர வேலை, செருப்புத் தைப்பது எல்லாம் தெரிந்த கைத்தொழில்காரர். தேர்தலில் ஒரு வெள்ளை வேட்பாளருக்குக் கறுப்பின மக்களின் ஓட்டுத் தேவைப்பட்டது. ஆடம்ஸ் தனக்கென்று எதுவும் கேட்கவில்லை, ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம் கேட்டார். ஓட்டு விழுந்தது, பள்ளியும் வந்தது. டஸ்கிகியின் வளர்ச்சிக்கு முதல் விதை ஓட்டுரிமை. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

அரசாங்கம் ஒதுக்கியது ஆண்டுக்கு 2000 டாலர், அதுவும் சம்பளத்துக்கு மட்டும். நிலம் கிடையாது, கட்டடம் கிடையாது. 25 வயது வாஷிங்டன் ஹாம்ப்டனிலிருந்து முதல்வராக வந்து சேர்ந்தார். 1881 ஜூலை 4ஆம் தேதி, மாதாகோயிலை ஒட்டிய ஓட்டைக் கொட்டகையில், 30 மாணவர்களோடு பள்ளி தொடங்கியது. மழை பெய்தால் ஒரு மாணவன் எழுந்து வந்து ஆசிரியருக்குக் குடை பிடிப்பானாம்.

சில மாதங்களில் ஊருக்கு வெளியே பாழடைந்த பண்ணை ஒன்று 500 டாலருக்கு விலைக்கு வந்தது. 100 ஏக்கர். ஹாம்ப்டன் பொருளாளரிடம் 250 டாலர் கடன் வாங்கி முன்பணம் கொடுத்தார். இருந்த குதிரை லாயத்தையும் கோழிக்கூட்டையும் கழுவி வகுப்பறையாக்கினார்கள். ஒலிவியா டேவிட்சன் என்ற ஆசிரியை வீடு வீடாகப் போய் நன்கொடை திரட்டினார். எழுபது வயதுப் பாட்டி ஒருத்தி, கொடுக்கப் பணமில்லாமல், சேர்த்து வைத்திருந்த ஆறு முட்டைகளைக் கொண்டு வந்து கொடுத்தார். கல்லூரிக்கு எத்தனையோ கோடீஸ்வரர்கள் பின்னால் கொடுத்தார்கள். ஆனாலும் அந்த ஆறு முட்டைதான் தன் மனதை மிகவும் தொட்டது என்று வாஷிங்டன் எழுதி வைத்திருக்கிறார்.

மூணு சூளை போச்சு!

கட்டடம் கட்டச் செங்கல் வேண்டும். ஊரில் சூளையே கிடையாது. நாமே சுடுவோம் என்றார் வாஷிங்டன். அவருக்கும் அந்தத் தொழில் தெரியாது. களிமண் குழியில் முழங்கால் வரை சேற்றில் நின்று மிதிக்க வேண்டும். படித்தால் கை அழுக்காகாத உத்தியோகம் என்று நம்பி வந்த பையன்களுக்கு இது பிடிக்கவில்லை. சிலர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கே போய் விட்டார்கள்.

நாம் லேபில் ஒரு செங்கல்லை 24 மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு எடை பார்க்கிறோம். 20 சதவிகிதத்துக்கு மேல் தண்ணீர் குடித்திருந்தால் மட்டக் கல் என்று ரெக்கார்டு நோட்டில் எழுதி விட்டு டீ குடிக்கப் போய் விடுகிறோம். அந்தக் கல் நன்றாக வேக என்னென்ன சேர வேண்டும் என்று சூளைக்காரரைத்தான் கேட்க வேண்டும். மண் பதம், காய்ச்சல், அடுக்கும் முறை, தீ எல்லாமே சரியாக அமைய வேண்டும். டஸ்கிகியில் சுமார் 25,000 கல் அறுத்து முதல் சூளை அடுக்கினார்கள். அடுக்கியதும் சரியில்லை, வெந்ததும் சரியில்லை. போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது சூளை ஒரு வாரம் எரிந்தது. அப்பாடா என்று நினைத்த நேரத்தில், நடு ராத்திரியில் சரிந்து விழுந்தது!

கையில் காசில்லை. விட்டு விடலாம் என்று கூட இருந்த ஆசிரியர்களே சொன்னார்கள். வாஷிங்டன் தன் பழைய கைக்கடியாரத்தை—இல்லை, அந்தக் காலத்தில் சட்டைப்பைக் கடியாரம்—மாண்ட்கோமரி நகர அடகுக்கடையில் வைத்து 15 டாலர் வாங்கி வந்தார். நாலாவது சூளை வெந்தது. கடியாரம் மீளவே இல்லை, கெடு தாண்டி மூழ்கிப் போனது. (மூன்று அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படிக்கவும்.)

1900 வாக்கில் மாணவர்கள் ஒரு பருவத்தில் 12 லட்சம் கல் சுட்டார்கள். முதல் 20 ஆண்டுகளில் எழுந்த 40 கட்டடங்களில் நான்கைத் தவிர மற்றவை எல்லாம் மாணவர் கைவேலை. எம்.ஐ.டி.யில் கட்டடக்கலை படித்துத் தேறிய முதல் கறுப்பினத்தவரான ராபர்ட் டெய்லர் 1892ல் இங்கே வந்து வரைபடம் போட்டார். 1896ல் வந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், பருத்தியால் சத்துப்போன மண்ணுக்கு நிலக்கடலை மாற்றுப்பயிர் சொல்லிக் கொடுத்தார்.

ஊரும் மாறியது. செங்கல் வாங்க வெள்ளைக்காரர்கள் கல்லூரிக்கு வந்தார்கள். பிறகு வண்டி செய்யக் கொடுத்தார்கள், அச்சு வேலை கொடுத்தார்கள். கறுப்பினப் பையன்கள் படித்தால் வேலைக்கு ஆள் கிடைக்காது என்று பயந்தவர்கள், அவர்களிடமே சரக்கு வாங்கும் நிலை வந்தது. கல்லூரியை ஒட்டி ஆசிரியர்களும் தொழிலாளர்களும் சொந்த வீடு கட்டிக் குடியேற, கிரீன்வுட் என்ற குடியிருப்பு வளர்ந்தது. 1915 நவம்பர் 14ஆம் தேதி, 59ஆம் வயதில் வாஷிங்டன் காலமானபோது, 100க்கும் மேற்பட்ட கட்டடங்கள், சுமார் 1500 மாணவர்கள், 38 தொழில்கள் என்று அந்தக் கோழிக்கூடு வளர்ந்திருந்தது. நியூயார்க்கில் நோய் முற்றிய நிலையில் தெற்கிலேயே சாக வேண்டும் என்று ரயிலேறி வந்து, ஊர் சேர்ந்த சில மணி நேரத்தில் உயிர் விட்டார்.

ஒரு கேள்வி

இத்தோடு நிறுத்தினால் புகழ்மாலை ஆகி விடும். அவர் மேல் ஒரு பெரிய குற்றச்சாட்டு உண்டு. 1895ல் அட்லாண்டா கண்காட்சியில் பேசும்போது, கறுப்பின மக்கள் முதலில் தொழில் கற்றுப் பொருள் சேர்க்கட்டும், அரசியல் உரிமைக்கும் சமத்துவத்துக்கும் இப்போது அவசரம் வேண்டாம் என்கிற போக்கில் பேசினார். வெள்ளையர்கள் கைதட்டினார்கள். டு போய்ஸ் என்ற அறிஞர் 1903ல் இதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். ஓட்டில்லாதவன் சேர்த்த சொத்தை யார் காப்பாற்றுவது என்பது அவர் வாதம். எதிர்த்ததில் நியாயம் இருந்தது. 1901ல் அலபாமா புதிய அரசியல் சட்டம் போட்டுக் கறுப்பின மக்களின் ஓட்டைப் பறித்தே விட்டது. எந்த ஓட்டால் பள்ளி வந்ததோ அந்த ஓட்டு!

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1895ல் டஸ்கிகியில் தாமஸ் ஹாரிஸ் என்ற கறுப்பின வழக்கறிஞரை ஒரு கும்பல் சுட்டுக் காயப்படுத்தியது. வாஷிங்டன் வீட்டுக்கு ஓடி வந்தவரை ஊரறிய உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினார். ஊருக்குத் தெரியாமல் சிகிச்சைக்கும் ஏற்பாடு செய்தார். ஓட்டுப் பறிப்பை எதிர்த்து உச்சநீதிமன்றம் வரை போன வழக்குக்கும் ரகசியமாகப் பணம் கொடுத்தார். இதெல்லாம் அவர் இறந்து பல காலம் கழித்து, கடிதங்களை ஆராய்ந்த பிறகுதான் வெளிவந்தது. கல்லூரியைக் கொளுத்தி விடுவார்களோ என்ற பயத்திலேயே அந்த மனிதர் 34 வருடம் வாழ்ந்திருக்கிறார்.

யார் சரி? என் சிற்றறிவுக்கு எட்டிய பதிலை அந்த ஊரே சொல்கிறது. 1957ல் டஸ்கிகியில் கறுப்பின வாக்காளர்கள் பெருகுவதைக் கண்ட அலபாமா சட்டசபை, நகர எல்லையையே மாற்றி வரைந்தது. சதுரமாக இருந்த ஊர் 28 பக்கம் உள்ள கோணல் உருவமாயிற்று. சுமார் 400 கறுப்பின வாக்காளர்களில் நாலைந்து பேர் தவிர அத்தனை பேரும் கோட்டுக்கு வெளியே! சர்வே படித்த நமக்கு இது எப்படிப்பட்ட வேலை என்று புரியும். மக்கள் வெள்ளையர் கடைகளைப் புறக்கணித்தார்கள். கல்லூரிப் பேராசிரியர் சார்லஸ் கோமிலியன் வழக்குப் போட்டார். 1960ல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1972ல் அந்த ஊருக்கு முதல் கறுப்பின மேயர் வந்தார்.

அந்தப் போராட்டத்துக்குத் தெம்பு எங்கிருந்து வந்தது? வெள்ளை முதலாளியிடம் கைகட்டி நிற்க வேண்டாத ஆசிரியர்களிடமிருந்து. 1923ல் கல்லூரிக்குப் பக்கத்தில் வந்த ராணுவத்தினர் மருத்துவமனையின் ஊழியர்களிடமிருந்து. அதாவது வாஷிங்டன் சுட்ட செங்கல்லின் மேல் நின்று கொண்டு, டு போய்ஸ் கேட்ட உரிமையை வாங்கினார்கள். கைத்தொழில் மட்டும் போதாது, உரிமைப் பேச்சு மட்டும் பேசினாலும் போதாது. ரெண்டும் வேணும்.

ஒரே ஒரு கல்லூரியை நம்பி வளரும் ஊருக்கு ஒரு எச்சரிக்கையும் இதில் உண்டு. 1960களில் பள்ளிகளில் இனக்கலப்பு வந்ததும் வெள்ளையர் பலர் வெளியேறினார்கள். வேறு ஊர்களில் வேலை வாய்ப்புத் திறந்ததும் படித்தவர்களும் போனார்கள். 1980ல் 13 ஆயிரத்தைத் தாண்டிய மக்கள் தொகை 2020ல் 9 ஆயிரத்துச் சொச்சம். 1985 முதல் பல்கலைக்கழகமாகி விட்ட அந்தக் கல்லூரி கம்பீரமாக நிற்கிறது. பட்டம் வாங்கியவர்கள் தங்குவதற்கு ஊரில் தொழில் வேண்டாமா? நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டில் சென்னை, கோவை பஸ்ஸுக்குப் பெட்டியோடு நிற்கும் சீனியர் அண்ணன்களைப் பார்க்கும்போது எனக்கும் இந்தக் கேள்வி வருகிறது.

டிப்ளமோதானா என்று கல்யாண வீட்டில் மாமாக்கள் கேட்கும்போது சுருங்கிப் போகிற தம்பி தங்கைகளே! ஒர்க்‌ஷாப்பில் காக்கிச் சட்டை கறையாவதற்கு வெட்கப்படாதீர்கள். அதே சமயம், பதினெட்டு முடிந்ததும் வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்த்து விடுங்கள். படிப்பு முடிந்து நம்மில் பத்துப் பேராவது இந்த ஊரிலேயே ஒரு பட்டறையோ, ஒரு சூளையோ, ஒரு சின்ன ஆபீசோ போட்டு நாலு பேருக்கு வேலை கொடுக்க முடியுமா என்று யோசியுங்கள். முதல் சூளை சரிந்தால் சரியட்டும்.