எழுத்தறியா அன்னையும் ஆபிரகாம் லிங்கனும்

அமெரிக்க நாட்டின் பதினாறாவது அதிபராக விளங்கி, அடிமை முறை ஒழிய வழிகோலிய ஆபிரகாம் லிங்கனை அறியாத மாணவர் இலர். மரக்குடிசையிற் பிறந்து வெள்ளை மாளிகை சென்ற அவர்தம் வரலாற்றை நாம் மேடைகளிலே பலமுறை கேட்டிருக்கிறோம். ஆயினும், அவர் நூல்களோடு உறவாட இடந்தந்தவர் ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாத பெண்மணி என்பதைப் பலர் அறியார்.

லிங்கன் 1809 ஆம் ஆண்டு பிப்ரவரி 12 ஆம் நாள் கென்டக்கி மாநிலத்தில் பிறந்தார். தந்தை தாமஸ் தச்சுத் தொழிலும் உழவும் செய்தவர். தம் பெயரை மட்டும் ஒருவாறு எழுதுவார். 1816 இல் அக்குடும்பம் இண்டியானாக் காட்டுப் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. அங்கே நச்சுச் செடியை மேய்ந்த பசுவின் பாலால் ஒரு கொடிய நோய் பரவிற்று. 1818 அக்டோபரில் ஈன்ற அன்னை நான்சி அந்நோய்க்கு இரையானார். அப்போது ஆபிரகாமுக்கு வயது ஒன்பது. தமக்கை சாராளுக்குப் பதினொன்று. ஓராண்டுக்கு மேலாக அவ்வீடு தாயில்லா வீடாகக் கிடந்தது.

1819 டிசம்பரில் தாமஸ் கென்டக்கிக்குச் சென்று, மூன்று பிள்ளைகளையுடைய சாரா புஷ் ஜான்ஸ்டன் என்னும் கைம்பெண்ணை மணந்து அழைத்து வந்தார். மாற்றாந்தாய் என்றதும் நம் கதைகளில் வரும் கொடுமைக்காரியே நினைவுக்கு வருவாள். இவரோ வந்ததும் அழுக்கேறிய அவ்விரு குழந்தைகளையும் குளிப்பாட்டி உடுத்துவித்தார். மண்தரைக்குப் பலகை போடச் செய்தார். அவர் வண்டியில் மேசை, நாற்காலி, படுக்கைகளோடு சில நூல்களும் வந்தன என்பர். பத்திரங்களில் கீறலிட்டே பழகியவர் அவர். தம்மால் படிக்க இயலாத நூல்களை எறிந்துவிடாமல் சுமந்து வந்தாரே, அதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஈசாப் கதைகள், ராபின்சன் குரூசோ, அரபுக் கதைகள் ஆகியவற்றைச் சிறுவன் ஆபிரகாம் விரும்பிப் படித்தான். நம் பாட்டன்மார் மண்ணெண்ணெய் விளக்கில் படித்ததைப் பெருமையாகச் சொல்வதுண்டு; அங்கே இரவில் அடுப்புத் தீயின் வெளிச்சமே துணை. உரக்கப் படிப்பது அந்நாளைய காட்டுப் பள்ளிகளின் வழக்கம். ஆகவே ஒருவன் படித்தால் வீடே கேட்கும். உடன் வாழ்ந்த உறவினன் டென்னிஸ் ஹாங்ஸ், அரபுக் கதைகள் அத்தனையும் பொய்யென்று கேலி செய்வான். பொய்யாயினும் அருமையான பொய்களென்று ஆபிரகாம் மறுமொழி கூறுவான்.

தந்தைக்கோ கோடரி பிடிக்கும் கைகள் தேவைப்பட்டன. மகன் அயலாரிடம் கூலிக்குப் போவதும், கூலி தந்தையைச் சேர்வதும் அக்கால வழக்கம். புத்தகமும் கையுமாக இருப்பது அவருக்கு முதலில் பிடிக்கவில்லை. சாராதான் கணவரிடம் பேசி மனத்தை மாற்றினார். அதன்பின், படிக்கும் வேளையில் எவரும் அவனைக் குலைப்பதில்லை. அவனாகவே நூலை மூடும்வரை விட்டுவைத்தனர். தாள் இல்லாதபோது பிடித்த பகுதிகளைப் பலகையில் எழுதி வைத்து, தாள் கிடைத்ததும் பெயர்த்தெழுதிக் கொள்வான். பள்ளியில் அவன் பயின்ற நாட்களை ஒன்றுசேர்த்தால் ஓராண்டும் நிறையாது.

பிற்காலத்தில் வழக்கறிஞரான பின்னும் உரக்கப் படிக்கும் பழக்கம் அவரை விடவில்லை. அலுவலகத்தில் செய்தித்தாளை வாய்விட்டுப் படித்து, உடன் தொழில் புரிந்த ஹெர்ண்டனுக்கு எரிச்சலூட்டுவாராம்! கண் காண்பதைக் காதும் கேட்டால் நன்கு மனத்தில் தங்கும் என்பது அவர் கூறிய காரணம்.

தந்தையோடு அவருக்கு நெருக்கம் குறைவு; 1851 இல் தந்தை மறைந்தபோது இறுதிச் சடங்கிற்கும் அவர் செல்லவில்லை. சிற்றன்னையை மறக்கவில்லை. அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டுத் தலைநகருக்குப் புறப்படுமுன், 1861 ஜனவரி இறுதியில், கடுங்குளிரில் இலினாய் மாநிலச் சிற்றூருக்குச் சென்று அவரைக் கண்டார். இனி மகனைக் காண மாட்டோம் என்று அம்மூதாட்டி அஞ்சினார். அவ்வாறே ஆயிற்று. 1865 ஏப்ரல் 14 ஆம் நாள் சுடப்பட்ட லிங்கன் மறுநாள் காலை உயிர்நீத்தார்.

அவ்வாண்டு செப்டம்பரில், வரலாறு எழுதும் பொருட்டு ஹெர்ண்டன் சாராவை நாடிச் சென்றார். ஆபிரகாம் தம்மிடம் ஒருநாளும் கடுஞ்சொல் கூறியதில்லை என்றார் அவர். தாம் பெற்ற மகனும் நல்லவனே. இருவரும் மறைந்துவிட்ட நிலையில் உண்மை கூறுவதாயின், ஆபிரகாமைப் போல் ஒரு பிள்ளையைத் தாம் கண்டதில்லை என்றார். விடைபெறும்போது ஹெர்ண்டனின் கையைப் பற்றிக்கொண்டு அழுதார். 1869 இல் அவரும் காலமானார்.